கிரைண்டருக்கு முன்னால் ஒரு பலகை

பெரியம்மை மாவாட்டும்போது பலகை மேல் நின்றுதான் ஆட்டுவாள். அடுக்களை மூலையில் கிரைண்டர், அதற்கு முன்னால் தேய்ந்து வழுவழுப்பான பலாமரப் பலகை ஒன்று. நான் சின்னப் பையனாக அந்த வீட்டில் ஓடித் திரிந்த காலத்தில் அந்த இடத்தில் பலகை கிடையாது. எதற்கு என்று கேட்டேன்.

"வெறுந்தரையில நின்னா லேசா சுர்ருங்கும்யா. பலகையில நின்னா ஒண்ணும் தெரியாதுல்லா" என்றாள், உப்புக் குறைந்தால் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளலாம் என்பது போல.

நான் போனது வேறு காரியத்துக்கு. அண்ணன் புனேயில் இருக்கிறான். "வெயில் தாங்க முடியலங்கா அம்மா. நடு ரூம்ல ஒரு ஏ.சி. போடணும், ஒயரிங் தாங்குமான்னு ஒரு எட்டு பார்த்துட்டு வா" என்று போன் போட்டிருந்தான். பேட்டை ஐ.டி.ஐ.யில் படித்து, வயர்மேன் சான்றிதழ் வாங்கி, பத்தொன்பது வருடமாக இதே வேலைதான் எனக்கு. பாளையங்கோட்டையிலிருந்து சுலோச்சன முதலியார் பாலத்தைத் தாண்டினால் சிந்துபூந்துறை, பத்து நிமிடம். அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னோடு வேலை பழகும் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனேன்.

பழைய நீள வீடு. வாசலை ஒட்டித் தார்சா, அடுத்துக் கூடமான பட்டாசல், நடு அறை, அடுக்களை, புறவாசல், மேலே மரமச்சு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பொங்கியபோது இந்தத் தெருவிலும் தண்ணீர் ஏறியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்த அதே மழை. பட்டாசல் சுவரில் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு இன்னும் மங்கலாகத் தெரிகிறது. அதற்கு மேல் வெள்ளை அடித்தும் போகவில்லை.

ஒரு வீட்டைச் சோதிக்கப் போனால் நான் முதலில் டெஸ்டரை எடுப்பதில்லை. உட்கார்ந்து பேசுவேன். எந்த சுவிட்சைத் தொட யோசிப்பீர்கள், எதைப் போட்டால் லைட் மங்கும், எங்கே தீய்ந்த வாடை வந்தது, எந்தப் பிளக்கை அசைத்து அசைத்துச் செருக வேண்டும் என்று கேட்பேன். வீட்டில் இருப்பவர்களுக்கு ஆபத்து எங்கே இருக்கிறது என்று உடம்புக்குத் தெரியும். அதை அவர்கள் ஆபத்து என்று சொல்ல மாட்டார்கள், பழக்கமாக மாற்றிக்கொண்டிருப்பார்கள். பலகை அப்படிப்பட்ட ஒரு பழக்கம். அந்தப் பழக்கங்களைக் கேட்டு எழுதிக்கொண்டாலே பாதி சோதனை முடிந்துவிடும் என்பது என் அனுபவம்.

பெரியம்மை காப்பி ஆற்றிக்கொண்டே வரிசையாகச் சொன்னாள். குளியலறை சுவிட்சைக் குளித்துவிட்டு வரும்போது அகப்பைக் காம்பால்தான் தட்டுவாள். தேய்ப்புப் பெட்டியின் பிளக் நிற்காது, அதனால் ஓட்டையில் ஒரு தீக்குச்சியைச் சொருகி வைத்திருக்கிறாள். மாவாட்டுகிற அன்றைக்கு மட்டும் பாத்திரம் கழுவும் அங்கணத்துக் குழாயைத் தொட்டால் அதுவும் சுர்ரென்கிறது. கடைசியாகச் சந்தோஷமாக ஒன்று சொன்னாள்: "முன்னெல்லாம் அடிக்கடி ஃப்யூஸ் போகும். ஒரு பையன் வந்து சரி பண்ணிக் கொடுத்தான், அதுக்கப்புறம் ஒரு தடவகூடப் போகல."

குழாய் விஷயமும் இந்தக் கடைசி விஷயமும்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தன. ஃப்யூஸ் போவது கோளாறு இல்லை, கோளாறு இருக்கிறது என்ற செய்தி. பழுது அப்படியே இருக்க ஃப்யூஸ் மட்டும் போகாமல் நின்றுவிட்டது என்றால், செய்தி கொண்டுவருகிறவன் வாயைக் கட்டிவிட்டார்கள் என்று அர்த்தம்.

முதலில் வெளியே போய்ப் பார்த்தோம். தெருக் கம்பத்திலிருந்து சர்வீஸ் ஒயர் வந்து, மொட்டைமாடி ஓரம் நிற்கும் இரும்புக் குழாய்க்குள் இறங்குகிறது. குழாயின் தலை கைத்தடி மாதிரி கீழ்நோக்கி வளைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் மழைத்தண்ணீர் குழாய் வழியாக நேரே மீட்டர் பெட்டிக்கு வந்துவிடும். இங்கே வளைவு சரியாக இருந்தது. ஆனால் அதே இரும்புக் குழாயில் துணி காயப்போடும் கொடிக்கம்பியைக் கட்டியிருந்தார்கள். அந்த முனை குழாயில், இந்த முனை புறவாசல் தென்னைமரத்தில்.

இந்த ஒன்றை மட்டும் எல்லா வீட்டிலும் இன்றைக்கே பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். சர்வீஸ் ஒயரின் மேலுறை வெயிலில் வெடித்து, குழாயின் விளிம்பில் உரசி, உள்ளே இருக்கும் கம்பி குழாயைத் தொட்டுவிட்டால் கொடிக்கம்பி முழுக்க 230 வோல்ட் ஏறும். கீழே நிற்பவர் ஈரத்துணியோடு, ஈரத்தரையில், வெறுங்காலோடு இரண்டு கையாலும் கம்பியைப் பிடிப்பார். இதைவிட மோசமாக ஒரு மனித உடம்பைக் கரண்டில் இணைக்க முடியாது. இன்னொன்று, அந்தப் பழுது வீட்டு மெயின் சுவிட்சுக்கு முன்னாலேயே நடக்கிறது. வீட்டில் எந்த நவீனப் பாதுகாப்புக் கருவி போட்டிருந்தாலும் அதற்கு இது தெரியவே தெரியாது. கொடிக்கம்பியை அவிழ்த்து, புறவாசலில் இரண்டு மரத்துக்கு நடுவே நைலான் கயிறு கட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தோம். ஒயரில் உரசிக்கொண்டிருந்த முருங்கைக் கிளையை நாங்கள் தொடவில்லை. அதை லைனை நிறுத்திவிட்டுத்தான் வெட்ட வேண்டும். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987 எண்ணில் பதிவு செய்தோம்.

மெயின் போர்டு தார்சாவில் கதவுக்குப் பின்னால் இருந்தது. மரப்பெட்டி, இரும்பு மெயின் சுவிட்ச், அதற்குக் கீழே வெள்ளைப் பீங்கான் ஃப்யூஸ் கட்டைகள் நான்கு. பெட்டியின் அடிப்பலகையைக் கரையான் தின்றிருந்தது. வெள்ளக் கோட்டுக்கு மேலே இருந்ததால் போர்டு தப்பியிருக்கிறது. மெயினை நிறுத்தினேன். தம்பி உடனே திருப்புளியோடு கிட்டே வந்தான். கையைத் தட்டிவிட்டேன். பட்டாசலில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்ததை அவன் கவனிக்கவில்லை.

இன்வெர்ட்டர். மெயினை நிறுத்தினால் வீடு செத்துவிட்டது என்று நினைப்பது பழைய கணக்கு. கரண்ட் போனது என்று அது நினைத்துக்கொண்டு பாட்டரியிலிருந்து அதே 230 வோல்ட்டை அதே ஒயர்களில் அனுப்பும். அதனால் முதலில் இன்வெர்ட்டரையும் நிறுத்தி, அதன் அவுட்புட்டைக் கழற்றினோம். பிறகு டெஸ்டரை எடுத்து, கரண்ட் இருப்பது உறுதியாகத் தெரிந்த மீட்டர் பக்க முனையில் வைத்து விளக்கு எரிகிறதா என்று பார்த்து, அப்புறம் நிறுத்திய இடங்களில் வைத்து, மறுபடியும் மீட்டர் பக்கம் வைத்துப் பார்த்தோம். நடுவில் டெஸ்டரே செத்துப்போனால் எல்லா இடமும் செத்த மாதிரிதானே காட்டும். மூன்று தடவை பார்ப்பது வீண் வேலை இல்லை.

இன்வெர்ட்டரை வைத்திருந்த இடம் பூஜை மாடத்துக்கு நேர் கீழே. பாட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும், அது எரியக்கூடியது. மேலே அகல்விளக்கு. பெரியம்மையிடம் சொன்னதும் முகம் மாறிவிட்டது. அன்றைக்கே தார்சாவில் ஜன்னலோரம் நகர்த்தினோம்.

இப்போது ஃப்யூஸ் கட்டைகள். முதல் கட்டையை உருவினேன். 5 ஆம்பியர் லைட் லைனுக்குப் போட வேண்டிய ஃப்யூஸ் கம்பி 0.2 மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். 15 ஆம்பியருக்கே அரை மில்லிமீட்டர் போதும். இதில் இருந்தது ஏதோ ஒயரிலிருந்து உரித்த செம்பு இழைகள். தம்பி பிரித்து எண்ணினான், ஒன்பது. கயிறு மாதிரி முறுக்கித் திருகுக்குள் இறுக்கியிருந்தார்கள். சுவருக்குள் ஓடும் 1 ஸ்கொயர் எம்.எம். ஒயர் சூடேறி, உறை உருகி, புகைந்தால்கூட இது அசையாது. பீங்கானின் ஒரு முனை தேநீர்க் கறை போலப் பழுத்திருந்தது. பெரியம்மை சொன்ன "சரி பண்ணிக் கொடுத்தது" இதுதான்.

அதைவிட நுட்பமான தப்பு ஒன்று பக்கத்திலேயே இருந்தது. கரண்ட் திரும்பிப் போகும் ஒயரான நியூட்ரலுக்கும் தனியாக ஒரு ஃப்யூஸ் கட்டை. ஒரு காலத்தில் அப்படிப் போடும் வழக்கம் இருந்தது. நியூட்ரல் ஃப்யூஸ் மட்டும் உருகிவிட்டால் லைட் எரியாது, ஃபேன் ஓடாது, கரண்ட் இல்லை என்றுதான் எவரும் நினைப்பார். ஆனால் கரண்ட் கொண்டுவரும் ஃபேஸ் அப்படியே எல்லா ஹோல்டருக்கும் வந்து நின்றுகொண்டிருக்கும். பல்பைக் கழற்றக் கை வைத்தால் அடிக்கும். நியூட்ரலில் ஃப்யூஸ் இருக்கவே கூடாது, நேரான இணைப்புத்தான் இருக்க வேண்டும்.

சரி, இனி அடுக்களை. அன்றைய நாளில் பாதிக்கு மேல் இங்கேதான் போனது.

கிரைண்டரின் பிளக் மூன்று கால் பிளக். நடுவில் பெரிய காலும் இருக்கிறது. பிளக் பாயின்டிலும் மூன்று ஓட்டை. வெளியே இருந்து பார்த்தால் எர்த், அதாவது கசியும் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகும் இணைப்பு, இருக்கிறது. பிறகு ஏன் சுர்ரென்கிறது? எர்த் உண்மையிலேயே மண்ணுக்குப் போகிறதா என்று பார்க்க, மண்ணையே வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். புறவாசலில் தென்னைக்குத் தண்ணீர் பாயும் ஈரமண்ணில் அரை மீட்டர் இரும்புக் கம்பியை அடித்து, அதிலிருந்து நீள ஒயர் ஒன்றை அடுக்களைக்கு இழுத்தேன். சோதிக்கும் நேரத்தில் அந்தக் கம்பியில் கரண்ட் பாயலாம். அதனால் தம்பியைக் காவலுக்கு நிறுத்தினேன், யாரும் பக்கத்தில் போகக் கூடாது என்று.

மற்ற லைன்களின் கட்டைகளையெல்லாம் உருவி வைத்துவிட்டு, அடுக்களை லைனுக்கு மட்டும் சரியான ஃப்யூஸ் கம்பி போட்டுக் கரண்ட் கொடுத்தோம். கிரைண்டர் நின்றிருக்கும்போது அதன் உடம்புக்கும் ஈரமண் ஒயருக்கும் நடுவே மல்டிமீட்டர் கிட்டத்தட்ட ஒன்றும் காட்டவில்லை. கிரைண்டரை ஓட்டியதும் 140 வோல்ட்டை ஒட்டி ஏறியது. அதே மீட்டரை அங்கணத்துக் குழாயில் வைத்தேன். அங்கேயும் அதே 140. ஃப்ரிட்ஜின் உடம்பில் வைத்தேன். அங்கேயும்.

ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிட்டேன். கிரைண்டரில் கசிகிற கரண்ட் எப்படிக் குழாய்க்கும் ஃப்ரிட்ஜுக்கும் போகிறது?

டிஜிட்டல் மல்டிமீட்டரின் எண்ணை மட்டும் நம்பி முடிவுக்கு வரக் கூடாது. அது மிக மிகக் கொஞ்சம் கரண்ட்தான் எடுத்துக்கொள்ளும், அதனால் சும்மா பக்கத்து ஒயரிலிருந்து தொற்றி வரும் வோல்ட்டேஜையும் பெரிதாகக் காட்டும். அதற்காக 60 வாட் குண்டு பல்பில் செய்த டெஸ்ட் லாம்ப் வைத்திருக்கிறேன். ஃபேஸிலிருந்து ஈரமண் ஒயருக்குப் போட்டால் நன்றாக எரிந்தது, ஆக மண் கம்பி சரி. கிரைண்டர் உடம்பிலிருந்து போட்டால் எரியவில்லை. ஃபேஸிலிருந்து பிளக் பாயின்டின் எர்த் ஓட்டைக்குப் போட்டேன். அதற்கும் எரியவில்லை. எர்த் என்று பெயருக்கு ஒரு ஓட்டை இருக்கிறது, அது எங்கேயும் போய்ச் சேரவில்லை.

கரண்டை நிறுத்திவிட்டுப் பச்சை ஒயரைப் பிடித்துக்கொண்டே போனோம். பிளக் பாயின்டிலிருந்து சுவரோடு இறங்கி, ஃப்ரிட்ஜ் பாயின்டைத் தொட்டு, அங்கணத்துக்குப் பக்கத்தில் காரைக்குள் போய் மறைந்தது. கொத்திப் பார்த்தால் பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தண்ணீர்க் குழாயில் ஒரு கிளாம்ப் போட்டு முறுக்கியிருந்தது. அந்தக் காலத்தில் அதுவே எர்த். தெருவரைக்கும் மண்ணுக்குள் ஓடும் இரும்புக் குழாய், ஓரளவுக்கு வேலையும் செய்திருக்கும். வெள்ளத்துக்குப் பிறகு துருப்பிடித்த குழாயையெல்லாம் எடுத்துவிட்டு பி.வி.சி. போட்டிருக்கிறார்கள். சுவருக்குள் குழாய்த்திருகு மாட்டியிருக்கும் முக்கால் அடித் துண்டு மட்டும் மிஞ்சியிருக்கிறது. குழாய் வேலைக்கு வந்தவர் மேல் நான் குறை சொல்ல மாட்டேன், காரைக்குள் ஒளிந்திருக்கும் ஒரு கிளாம்ப் அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் அன்றோடு வீட்டின் எர்த் போய்விட்டது. மிச்சமிருந்த பச்சை ஒயர் கிரைண்டர், ஃப்ரிட்ஜ், குழாய் மூன்றையும் ஒன்றோடொன்று கட்டிப்போட்டது, மண்ணோடு மட்டும் இல்லை. காப்பாற்ற வைத்த ஒயரே ஓரிடத்துப் பழுதை மூன்றிடத்துக்குப் பரப்பியது. "எப்ப இருந்து பெரியம்மா குழாய் சுர்ருங்குது?" என்றேன். யோசித்துப் பார்த்து, "வெள்ளத்துக்கு அப்புறந்தான்" என்றாள்.

கிரைண்டரைக் கழற்றி மெக்கரில் வைத்தோம். 500 வோல்ட் கொடுத்து, கரண்ட் கசியாமல் தடுக்கும் காப்பு எவ்வளவு தாங்குகிறது என்று அளக்கும் கருவி அது. குறைந்தது 1 மெகாஓம் வர வேண்டும். ஃப்ரிட்ஜ் 20-க்கு மேல் காட்டியது. கிரைண்டர் காட்டியது 0.2. வெள்ளத்தில் மோட்டார் மூழ்கியிருக்கிறது, காயவைத்து ஓட்டியிருக்கிறார்கள், சுற்றுக்குள் போன வண்டலும் ஈரமும் அப்படியே தங்கிவிட்டன.

இந்த 0.2-ஐக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 230 வோல்ட்டை 2 லட்சம் ஓமால் வகுத்தால் 1.15 மில்லி ஆம்பியர். மனித உடம்புக்கு உணர்வு தொடங்குவது ஏறக்குறைய ஒரு மில்லி ஆம்பியரில். பெரியம்மையின் "லேசா சுர்ருங்கும்" என்ற சொல்லும் மெக்கரின் முள்ளும் ஒரே அளவைத்தான் சொல்கின்றன. பத்தைத் தாண்டினால் பிடித்த கையை விட முடியாது. முப்பதைத் தாண்டி ஓரிரு விநாடி நீடித்தால் இதயத்துக்கு ஆபத்து. மழைக்காலத்தில் ஒரு நாள் மாவு பொங்கி மோட்டார் பக்கம் வழிந்து, காப்பு 5,000 ஓமுக்கு இறங்கினால் என்ன ஆகும்? ஈர உடம்புக்கு ஒரு ஆயிரம் சேர்த்துக்கொண்டாலும் 38 மில்லி ஆம்பியர். அன்றைக்கு எர்த் இருந்திருக்காது. ஒன்பது இழை ஃப்யூஸ் போயிருக்காது. பெரியம்மை பலகையில் நின்றாலும் இன்னொரு கை குழாயில் இருந்தால் பலகையால் பிரயோஜனம் இல்லை.

கிரைண்டரின் பிளக்கை அப்போதே வெட்டி எடுத்துவிட்டேன். நிறுத்தி வையுங்கள் என்று சொன்னால் நாளைக்கே இட்லிக்கு மாவு தீர்ந்ததென்று யாராவது போடுவார்கள். அடுத்த வீட்டு மதினி ஒரு வாரம் அவர்கள் கிரைண்டரில் ஆட்டித் தருவதாகச் சொன்னார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு வெள்ளக் கோட்டுக்குக் கீழே இருந்த பிளக் பாயின்டுகளைத் திறந்தோம். ஐந்து இருந்தன, ஐந்திலும் ஆற்று வண்டல். விரலில் தொட்டால் மாவு மாதிரி ஒட்டியது. பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு. ஒன்றில் எறும்புக் கூடு. தீக்குச்சி சொருகிய பாயின்டில் பித்தளை நாக்கு தளர்ந்து, கரி பிடித்திருந்தது. அண்ணன் போடச் சொன்ன ஏ.சி.க்கு நடு அறையில் இருந்த ஒரே இடம் அதுதான். அந்தத் தளர்ந்த தொடுப்பில் அரை ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தேய்ப்புப் பெட்டி 4 ஆம்பியர் சொச்சம் இழுக்கும்போது அந்த இடத்தில் மட்டும் 9 வாட் சூடு. ஏ.சி. 8 ஆம்பியர் இழுத்தால் 32 வாட். 25 வாட் சால்டரிங் அயர்ன் ஈயத்தை உருக்கிவிடும். அதைவிட அதிகச் சூடு, நகக்கண் அளவு இடத்தில், பிளாஸ்டிக்குக்கு உள்ளே, ராத்திரி முழுக்க. கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும் என்பதுதான் இதில் பலருக்குப் பிடிபடாத இடம். வெள்ளத்தில் மூழ்கிய சுவிட்ச், பிளக் பாயின்ட், கரண்ட் மிகுந்தால் தானே விழுந்து லைனைத் துண்டிக்கும் எம்.சி.பி. எதையும் காயவைத்துத் திரும்பப் போடக் கூடாது. வெளியே பளிச்சென்று இருக்கும், உள்ளே போயிருக்கும். தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதுதான்.

குளியலறையில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சுவிட்ச் தண்ணீர் தெறிக்கும் தூரத்தில் இருந்தது, வெளிச்சுவருக்கு மாற்ற வேண்டும். அகப்பைக் காம்புக்குக் காரணம் அதுதான். வாளியில் போடும் ஹீட்டர் ராடு ஒன்று ஆணியில் தொங்கியது. அதைப் போடும்போது தண்ணீர் சுட்டுவிட்டதா என்று வாளிக்குள் விரலை விட்டுப் பார்க்கும் பழக்கம் வீட்டுக்கு வீடு இருக்கிறது. பெரியம்மையிடம் கேட்டு வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன்.

மச்சில் ஏறியபோது வெயில் இறங்கியிருந்தது. அங்கே இன்னும் பழைய ரீப்பர் கட்டை ஒயரிங். தேக்குச் சட்டத்தில் தகரக் கிளிப் அடித்து, ரப்பர் உறை போட்ட ஒயர் ஓடுகிறது. டார்ச் அடித்து ஒயரைப் பார்த்தால், காய்ந்த புளியம்பழ ஓடு மாதிரி வெடித்திருந்தது. குச்சியால் லேசாகத் தட்டினேன், ஒரு சாண் நீளத்துக்கு உறை பொடிப்பொடியாக உதிர்ந்து செம்பு வெளியே தெரிந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளி ஓலைப்பெட்டிகளும் பழைய பாய்களும் அணில் கொண்டுவந்து சேர்த்த தென்னைநாரும். நாங்கள் எதையும் நகர்த்தவில்லை. மச்சு லைனின் கட்டையை உருவி, ஒயரையும் முனையிலிருந்து கழற்றி டேப் சுற்றி, "போடாதே" என்று எழுதி ஒட்டிவிட்டு இறங்கினோம். இந்த மாதிரி பழைய ரப்பர் ஒயரை யாரும் வீட்டில் தொட்டு அசைத்துப் பார்க்காதீர்கள். அசையாதவரை அது ஒட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்த வாரம் புது வேலை தொடங்கியது. முதலில் எர்த். புறவாசலில் அங்கணத் தண்ணீர் வடியும் இடத்துக்குப் பக்கத்தில் குழி எடுத்து, இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப்பை இறக்கி, சுற்றிலும் அடுப்புக்கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, தண்ணீர் ஊற்ற மேலே புனல் வைத்தோம். பாளையங்கோட்டைப் பக்கம் பாறையில் குழி எடுத்தே முதுகு ஒடிந்தவன் நான். இங்கே ஆற்று வண்டல், மண்வெட்டி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. மூன்று நாள் தண்ணீர் ஊற்றிவிட்டு அளந்தால் 3.2 ஓம். கோடையில் இந்த அளவு வந்தது மனதுக்கு நிறைவாக இருந்தது. மண் காய்ந்த காலத்தில்தான் எர்த்தை அளக்க வேண்டும், மழையில் எல்லா எர்த்தும் நல்ல எர்த்தாகத்தான் தெரியும்.

நல்ல எர்த் இருந்தால் மட்டும் போதாது. 3.2 ஓமில் முழுப் பழுது வந்தால் 72 ஆம்பியர் ஓடும். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு உடனே விழும் என்று சொல்ல முடியாது, சூடேறி விழச் சில விநாடிகள் எடுக்கலாம். எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்றுகிற கருவி. ஆளைக் காப்பாற்ற ஆர்.சி.சி.பி. வேண்டும். போகிற கரண்டையும் திரும்பி வருகிற கரண்டையும் எண்ணிக்கொண்டே இருக்கும் அது. கிடை ஆடு மாலையில் எண்ணிக்கை குறைந்தால் ஆட்டுக்காரர் நிற்பார் அல்லவா, அப்படி. 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், எங்கோ மண்ணுக்கோ மனிதர் மூலமாகவோ போகிறது என்று கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். லைட்டுக்கும் இன்வெர்ட்டருக்கும் ஒன்று, பிளக், அடுக்களை, குளியலறைக்கு ஒன்று என்று இரண்டு போட்டோம். அடுக்களைக்குப் புது ஒயர், பிளக்குகளுக்கு 2.5 ஸ்கொயர், ஏ.சி.க்குத் தனியாக 4 ஸ்கொயர். எல்லாப் பிளக் பாயின்டுகளையும் வெள்ளக் கோட்டுக்கு மேலே தூக்கினோம்.

எல்லாம் மாட்டிக் கரண்ட் கொடுத்தோம், இரண்டு ஆர்.சி.சி.பி.யும் விழாமல் நின்றன. பெரியம்மை சாயங்காலம் பூஜை அறை லைட்டைப் போட்டாள், அடுக்களைப் பக்க ஆர்.சி.சி.பி. விழுந்தது. தூக்கினால் நிற்கும், அந்த லைட்டைப் போட்டால் விழும். சின்ன எல்.இ.டி. பல்புதான். பல்பை மாற்றினேன், ஹோல்டரை மாற்றினேன், ஒயரை மெக்கரில் பார்த்தேன், எல்லாம் சுத்தம். தம்பி, "கருவிதான் போலண்ணே, வேற வாங்குவோமா" என்றான். அந்த முடிவுக்குத்தான் பலரும் போவார்கள். இன்னும் சிலர் ஆர்.சி.சி.பி.யையே கழற்றிவிட்டு நேராகக் கொடுத்துவிடுவார்கள்.

மறுநாள் காலையில் நியூட்ரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தபோது பிடிபட்டது. பூஜை அறை லைட்டுக்கு ஃபேஸ் அடுக்களை போர்டிலிருந்து வருகிறது. நியூட்ரலை யாரோ எப்போதோ, கிட்டத்தில் இருக்கிறதே என்று, பட்டாசல் லைட் லைனிலிருந்து எடுத்திருக்கிறார்கள். ஒரு ஆர்.சி.சி.பி. வழியாகப் போன கரண்ட் இன்னொன்றின் வழியாகத் திரும்பியது. கணக்கு உதைக்காமல் என்ன செய்யும்? இது சும்மா தொல்லை மட்டும் இல்லை. பட்டாசல் லைனை மட்டும் நிறுத்திவிட்டு அதன் நியூட்ரலைக் கழற்றும் ஒருவருக்கு அந்த நியூட்ரலில் அடி விழ வாய்ப்புண்டு. நியூட்ரலை அதன் இடத்துக்கு மாற்றியதும் ஆர்.சி.சி.பி. அமைதியாக நின்றது.

மோட்டாரைச் சுற்றக் கொடுத்து, கிரைண்டர் திரும்பி வந்த அன்று மெக்கரில் 50-க்கு மேல். புதுப் பிளக், புதுப் பாயின்ட். ஓட்டிவிட்டுக் குழாயிலும் கிரைண்டரிலும் மீட்டரை வைத்தேன், ஒன்றுமில்லை. பெரியம்மையை வெறுங்காலில் தரையில் நின்று தொடச் சொன்னேன். ஒரு விரலை நீட்டி, எடுத்து, மறுபடி முழுக் கையையும் வைத்தாள். "அட, ஒண்ணுமில்லையே" என்றாள். பலகையைக் கழுவிப் புறவாசலில் சாய்த்து வைத்திருக்கிறாள்.

ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று ஒரு சின்னப் பட்டன் உண்டு. மாதத்துக்கு ஒரு முறை அதை அழுத்திப் பார்க்க வேண்டும், உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அது வெறும் பிளாஸ்டிக் டப்பா. அமாவாசைக்கு அமாவாசை அழுத்துகிறேன் என்று பெரியம்மை சொல்லியிருக்கிறாள். போர்டுக் கதவின் உள்பக்கம் முதல் தேதியைச் சாக்பீஸால் எழுதி வைத்தாயிற்று.

மச்சு ஒயரிங் இன்னும் பாக்கி. சட்டங்களைக் கழற்றிப் புதுக் குழாய் ஓட்ட நான்கு நாளாவது வேண்டும், ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்தாக வேண்டும். அண்ணனுக்குப் போன் பண்ணி, ஏ.சி.க்காரரை அதற்குப் பிறகு வரச் சொல் என்று சொல்லிவிட்டேன். பெரியம்மை இப்போதைக்கு மச்சுக்கு டார்ச்சோடுதான் ஏறுகிறாள்.